செங்கோடனார் வேல் வடித்த கதை

கரட்டூர்க் கொல்லர் செங்கோடனார் ஏர்க்கொழுவும் அரிவாளும் அடித்துப் பிழைத்து வந்தார். விடியலில் உலை மூட்டி, முதல் பொறி பறக்கையில் "முருகா" என்பார்; பிறகே இரும்பைத் தொடுவார். குன்றின்மேல் நிற்கும் முருகனுக்குத் தம் கையால் ஒரு வேல் வடித்துத் தைப்பூசத்தன்று சாத்த வேண்டும். அவர் வேறொன்றும் வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஊரார் இசைந்தனர்.

சம்மட்டி அடிப்பவன் அவர் மனைவி நாச்சம்மையாரின் தம்பி வையாபுரி. வேலையின்போது இருவருக்கும் பேச்சில்லை. பழுத்த இரும்பில் கொல்லரின் சிறுசுத்தி தட்டிய இடத்தில் சம்மட்டி விழ வேண்டும். சுத்தி இரும்பைத் தொடாமல் அதன் கீழுள்ள அடைகல்லில் தட்டினால் நிற்க வேண்டும். அந்த ஓசையை நம்பித்தான் கொல்லர் கை நீட்டுவார்.

வேல் உருப்பெறும் வேளையில் அவர் அடைகல்லில் தட்டினார். இரும்பின்மேல் படிந்த பொருக்கைத் துடைக்க ஈரச்சாக்கோடு வலக்கையை நீட்டினார்.

சம்மட்டி இறங்கியது.

"மச்சான் சாமி பேரைச் சொல்லிக் கண்ணை மூடிட்டாருங்க. நான் என்ன பண்ணட்டுங்க?" என்று ஓடி வந்தவர்களிடம் வையாபுரி அழுதான்.

"பக்தி முத்துனா இப்படித்தானப்பா!" என்றார் ஒருவர். சிலர் சிரித்தனர்.

வேல் வடிக்கும் பேறு வையாபுரிக்குப் போயிற்று. அதை அவன் முன்பே ஊராரிடம் கேட்டு வைத்திருந்தான் என்பது அப்போதுதான் செங்கோடனாருக்குத் தெரிந்தது.

"வேணும்னே அடிச்சானுங்களா?" என்று நாச்சம்மையார் கேட்டார்.

"கல்லுச் சத்தம் கேட்டுச்சு அவனுக்கு. என் கண்ணைப் பாத்துட்டுத்தான் அடிச்சான்."

கை ஆறிற்று, விரல்கள் மடங்கவில்லை. அந்தப் பார்வை மட்டும் ஆறவேயில்லை. ஆயினும் முருகனை அவர் ஏன் என்று கேட்கவில்லை.

நாச்சம்மையார் சம்மட்டியை எடுத்தார். "தட்டுங்க. நான் அடிக்கிறேன்."

இரும்பைப் பிடிக்கும் குறட்டை வலக்கக்கத்தில் இடுக்கி, இடக்கையால் தட்டித் தட்டிச் செங்கோடனார் ஒரு வேல் வடித்தார். அது ஒருபுறம் கோணியிருந்தது.

"இது வேலா, அகப்பையா மச்சான்?" என்று தைப்பூசத்தன்று கோயில் வாசலில் வையாபுரி கேட்டான். கூட்டம் சிரித்தது. அவனுடைய பளபளத்த வேல் சுவாமியின் வலக்கையில் ஏறியது. கோணல் வேலை அர்ச்சகர் இரக்கப்பட்டுப் பீடத்தடியில் கிடத்தினார்.

மறுநாள் காலை நடை திறந்த அர்ச்சகர் அலறினார். வையாபுரியின் வேல் தரையில் கிடந்தது. சுவாமியின் வலக்கை விரல்கள் கல்லிலேயே நசுங்கியிருந்தன. சுவாமி கோணல் வேலை இடக்கையில் பிடித்திருந்தார்.

வையாபுரி வாய்விட்டு அழுது மச்சான் காலில் விழுந்தான். செங்கோடனார் அவனைப் பார்க்கவில்லை. "உனக்கும் வலிச்சுதா, சாமி?" என்று சந்நிதியைப் பார்த்துக் கேட்டார்.

நம்பி நீட்டிய கையின் வலியை ஆண்டவனோடு பங்கிட்டுக் கொண்ட அந்த அடியாரின் பெயர் வாழ்க.