அக்கி ஏன் முதுகெலும்பைத் தாண்டுவதில்லை

அந்தக் காலத்தில் நோய்களுக்கும் வாய் இருந்தது. காய்ச்சல் வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரும். இருமல் சொல்லிக்கொண்டுதான் கிளம்பும். இப்போதுபோலச் சத்தம் காட்டாமல் வந்து ஏறுகிற பழக்கம் எதற்கும் கிடையாது.

வைகைக் கரையில் சோணை வேளார் என்றொருவர் பானை செய்து வந்தார். அவர் மனைவி ராக்கு. கல்யாணமாகி வந்த முதல் கோடையிலேயே ராக்குவுக்கு அம்மை போட்டது. ஆயிரம் முத்துகள் வந்திருக்கும். ஒவ்வொன்றும் புள்ளிச் சட்டை போட்டுக்கொண்டு அவள் உடம்பெல்லாம் ஓடி விளையாடியது. வாசலில் வேப்பிலை செருகி, அடுப்பில் தாளிப்பை நிறுத்தி, வீடு அவற்றை விருந்தாளிகளாகவே நடத்தியது.

உடம்புக்கு உள்ளேயும் ஆட்கள் உண்டு. வெள்ளை வேட்டி கட்டிய காவல்காரர்கள் ரத்தத்தோடு மிதந்து திரிவார்கள். அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, சட்டையைத்தான் பார்ப்பார்கள். புள்ளிச் சட்டை எது என்று கற்றுக்கொள்ள அவர்களுக்கு எட்டு நாள் பிடித்தது. அதன்பிறகு முத்துகளுக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. ஒன்பதாம் நாள் எல்லாம் மூட்டை கட்டின.

அன்றுதான் ராக்குவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அன்றைக்கென்று பார்த்து சோணை சூளை பிரித்தார். சுட்ட பானையைத் தட்டிப் பார்க்கிற சுகத்தில், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைக்க வேண்டிய தண்ணீரை மனுஷர் மறந்தே போனார். ஊற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்து வீட்டில் விளக்கு வைத்தாயிற்று. முத்துகளெல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. ஒரு குட்டி முத்து மட்டும் அவள் இடது விலாவில் ஒட்டிக்கொண்டு நின்றது.

“நானும் கிளம்புறேன் ஆத்தா,” என்றது.

போக விட்டிருக்கலாம். ஆனால் ராக்கு பிறந்த வீட்டில் விளக்கு வைத்த பிறகு ஒரு கை உப்புகூட வெளியே போகாது. விருந்தாளியை அனுப்புவதாவது.

“விளக்கு வெச்ச வீட்டுல இருந்து யாரையும் அனுப்பக் கூடாது. இருந்துட்டு விடிஞ்சதும் போ,” என்றாள்.

“காவக்காரங்க பாத்தா அடிப்பாங்களே.”

“முதுகெலும்புக்குப் பக்கத்துல நரம்பு முடிச்சு இருக்கு. அங்க அவங்க கை ஓங்க மாட்டாங்க. நரம்பு அறுந்தா லேசுல ஒட்டாதுன்னு அவங்களுக்குப் பயம். போய்ப் படு.”

இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் அவரவர் உடம்பின் வழி அவரவருக்குத் தெரிந்திருந்தது.

முத்து அங்கே போய்ச் சட்டையைக் கழற்றிப் போட்டது. சட்டை போய்விட்டால் அது ஒரு நூல்துண்டு, அவ்வளவுதான். நரம்பு முடிச்சுக்குள் சுருண்டு படுத்தது. உள்ளே மங்கலாக, வெதுவெதுப்பாக இருந்தது. எங்கோ பக்கத்தில் இதயம், களிமண் மிதிக்கிற சத்தம்போல நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே முத்து கண் அசந்தது. விடிந்தது, அது எழுந்திருக்கவில்லை. ராக்குவும் மறந்துவிட்டாள்.

பதினெட்டு வருஷம் போயிற்று.

ராக்குவுக்குப் பிள்ளை இல்லை. தாயில்லாத தங்கை சீனியம்மாளைத்தான் பிள்ளையாக வளர்த்து அக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கைக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. “எம் பிள்ளைக்கு நீதான்க்கா சேனை வெக்கணும்,” என்று அவள் சொல்லி அனுப்பினாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகத் தொட்டு வைக்கிற சர்க்கரைத் தண்ணீர்தான் சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து ராக்குவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் அந்த வருஷம் மழை பொய்த்தது. பானை வாங்க ஆளில்லை. அரை வயிற்றுக் கஞ்சியில் உள்ளே காவல்காரர்கள் சோர்ந்து கண்ணை மூடினார்கள். முத்து விழித்துக்கொண்டது. மறுபடி சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, நரம்பைப் பிடித்தபடியே வெளியே வந்தது. ராக்குவின் இடது விலா காந்தியது. பிறகு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது.

பானையில் விரிசல் கண்டால் அது வளர்கிறதா, நிற்கிறதா என்று பார்க்க ராக்கு அதன் ஓரத்தில் காவியால் கோடு இழுத்து வைப்பாள். இப்போது தன் உடம்பிலும் அப்படியே செய்தாள். தினமும் காலையில் கொப்புளங்களின் ஓரத்தில் ஒரு கோடு. நாலாம் நாள் பார்த்தால், முன்பக்கம் அது நடுமார்பைத் தாண்டவில்லை. முதுகைப் பார்க்கச் சோணையைக் கூப்பிட்டாள்.

“முதுகெலும்போட நிக்குது. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல,” என்றார் அவர்.

ராக்கு கையைப் பின்னால் வளைத்து அந்த இடத்தைத் தொட்டாள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

“உனக்கு இன்னுமா விடியல?” என்று கேட்டாள்.

“அசந்துட்டேன் ஆத்தா.”

“இப்பக் கிளம்பு.”

“வெளிய வந்தது போகும். உள்ள நூலாக் கெடக்குறது போகாது. அதை இழுத்தா நரம்பும் கூட வந்துரும்.”

“அந்தப் பக்கம் ஏன் போகல?”

“நான் படுத்த முடிச்சுல இருந்து இந்தப் பக்கம்தான் நரம்பு போகுது. அது போற வழிதான் எனக்கு வழி.”

அன்று மத்தியானமே அக்கரையிலிருந்து ஆள் வந்தது. சீனியம்மாளுக்கு வலி கண்டுவிட்டது, உடனே வர வேண்டுமாம். ராக்கு சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடினாள். அங்கே நின்றுவிட்டாள்.

“நான் பிள்ளையைத் தொட்டா நீ அதுகிட்டப் போவியா?”

பொய் பழகாத காலம் அது. “போவேன் ஆத்தா. என்னைத் தெரிஞ்ச காவக்காரன் அங்க இருக்க மாட்டான். பச்ச உடம்புல எனக்கு எல்லாப் பக்கமும் வழிதான்,” என்றது முத்து.

ராக்கு கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “வேற யாரையாச்சும் சேனை வெக்கச் சொல்லுப்பா. எனக்கு ஒடம்புக்கு ஆகல,” என்று வந்த ஆளிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செத்த வீடுபோல வாய்விட்டு அழுதாள். பெண் பிள்ளை பிறந்தது. மாமியார் சேனை வைத்தாள்.

அதன்பிறகும் ராக்கு தினமும் கோடு இழுத்தாள். இழுப்பதும் பார்ப்பதுமாக நாள் போயிற்று. காவி ஆற்றியதோ, கஞ்சி ஆற்றியதோ, எனக்குத் தெரியாது. கொப்புளம் காய்ந்தது, பொருக்குத் தட்டியது, ஒவ்வொன்றாக உதிர்ந்தது. கடைசிப் பொருக்கும் உதிர்ந்த காலையில் ராக்கு காய்ந்த ஆற்று மணலில் நடந்து அக்கரை போனாள்.

சீனியம்மாளுக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் பிள்ளையை நீட்டினாள். ராக்கு வாங்கி இடது பக்கமாய் அணைத்துக்கொண்டாள். பிள்ளையின் குதிகால் அவள் விலாவில் அழுந்தியது. உள்ளே முத்து அரைத் தூக்கத்தில் அசைந்தது.

“யாரு ஆத்தா அது?”

“ஒனக்கு வேண்டாதவ. தூங்கு,” என்றாள் ராக்கு.

அது தூங்கிப் போயிற்று. அம்மை கண்டவர் உடம்பிலெல்லாம் அன்று முதல்தான் ஒரு முத்து இப்படித் தூங்குகிறது. விழித்தால் முதுகெலும்பைத் தாண்டாமல் ஒரு பக்கமாகவே அக்கியாக வருகிறது. வேளார் வீட்டில் அதற்குக் காவி எழுதுகிறார்கள். நோய்களுக்கு வாயடைத்துப் போய் வெகுகாலமாகிவிட்டதால், இன்று அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆய்வுக்கூடங்களில் கண்ணாடிக்குக் கீழே வைத்து உற்றுப் பார்க்கிறார்கள். நரம்பு அறாமல் அந்த விருந்தாளியை எப்படி வழியனுப்புவது என்றுதான், விளக்கு வைப்பதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதுபோல, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.