வெயிலுக்குப் பின்னால் போன கார்

கூனிக்கொம்பை என்பது மலைமேல் இருக்கும் ஊர். தை மாதத்தில் அங்கே ராத்திரி சொம்பில் வைத்த தண்ணீரைக் காலையில் குடிக்க முடியாது, கடிக்கத்தான் முடியும்.

அந்த ஊர்த் தவசிக்கு நான்கு பெண்கள். மூத்த மூவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. மருமகன்கள் சாத்தையா, ஒண்டிவீரன், மாயழகு. மூவரும் நல்லவர்கள். அதற்கு மேல் அவர்களைப் பற்றி ஊரில் யாரும் எதுவும் சொல்வதில்லை.

கடைசிப் பெண்ணின் கல்யாணத்துக்கு முதல் நாள் தவசி மூவரையும் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை பால்பாண்டியைக் கார்ல கூட்டிட்டு வர்றது உங்க பொறுப்பு. ஜெபமணி சார் கார் தர்றாரு. முகூர்த்தம் பன்னிரண்டு மணி வரைக்கும்தான். அதுக்குள்ள கார் பளபளன்னு மண்டபத்துல வந்து நிக்கணும். நிக்கலேன்னா பந்தியில உங்க மூணு பேருக்கும் இலை கிடையாது."

இலை இல்லை என்றதும் மூவருக்கும் அப்போதே பசித்தது.

மூவரும் மாப்பிள்ளையோடு அன்றிரவு ஜெபமணி சார் வீட்டில் தங்கினார்கள். சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதையும் பொறுமையாகச் சொல்லித் தருபவர்.

"பனிக்காலத்துல கார் கழுவறதுன்னா நிதானம் வேணும்ப்பா. மேல படிஞ்ச பனியைச் சுரண்டாதீங்க, கீறல் விழும். வெயில் படற இடத்துல நிறுத்தித்தான் கழுவணும். இது சரிவான ஊரு, சக்கரத்துக்கு முன்னால கல் வைங்க. கழுவி முடிக்கிற வரைக்கும் எஞ்சினைப் போடாதீங்க. கொதிக்கிற தண்ணி கண்ணாடிக்கு ஆகாது, கை பொறுக்கற சூடு போதும். ஒரு வாளியில சோப்பு, ஒரு வாளியில தண்ணி. மேலேருந்து கீழே கழுவுங்க. கடைசியா, ஈரத்தோட விட்டுடாதீங்க. காய்ஞ்ச துணியால துடைச்சிடணும்."

"சரிங்க சார்" என்றார்கள் மூவரும். சார் விடியற்காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

காலையில் காரின் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது.

"பாவம், விறைச்சுப் போச்சு" என்றார் சாத்தையா. அவர் மூத்த சகலை. எதிலும் முதல் பேச்சு அவருடையது. "சுரண்டக் கூடாதுன்னு சார் சொல்லிட்டார். கம்பளி போர்த்தி விடுவோம். சூட்டுல தானா உருகிடும்."

மூன்று கம்பளிகளைப் போர்த்திவிட்டு, மூவரும் நடுங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. முற்றத்துப் புல்லில் பனி உருகியது. கூரையில் பனி உருகியது. கம்பளிக்கு அடியில் மட்டும் பனி பத்திரமாக இருந்தது.

"அண்ணே, கம்பளியில ஓட்டை கீட்டை இருக்குமோ?" என்றார் மாயழகு.

"இருக்கும். ரெண்டா மடிச்சுப் போடு."

எட்டு மணிக்குத்தான் ஒண்டிவீரனுக்கு ஞாபகம் வந்தது. "சகலை, சார் வெயில்ல நிறுத்தச் சொன்னாரே! இங்க நிழலா இருக்கே."

சார் வீட்டைச் சுற்றி உயரமான மரங்கள். முற்றத்தில் ஒரு கார் நிற்கும் அளவுக்கு மட்டும் வெயில் விழுந்திருந்தது. மாயழகுக்குக் கார் ஓட்டத் தெரியும். ஆனால் எஞ்சினைப் போடக் கூடாதே! கம்பளிகளை உருவி எறிந்துவிட்டுத் தள்ளினார்கள். மூச்சு வாங்கத் தள்ளியும் கார் அசையவில்லை.

"ராத்திரி நாம வச்ச கல்லு முன்னால இருக்குண்ணே" என்றார் மாயழகு.

"எடுத்துடலாமா?"

"வைக்கச் சொன்னாரு. எடுக்கச் சொல்லலையே."

மூவரும் யோசித்தார்கள். முடிவில் சாத்தையா வழி கண்டுபிடித்தார். கல்லை ஒரு முழம் முன்னால் நகர்த்தி வைப்பது. கார் கல் வரைக்கும் வரும். மறுபடி கல்லை நகர்த்துவது. இப்படியே கல் முன்னே, கார் பின்னேயாக வெயிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே பனி உருகி வழிந்தது. ஒரு வாளியில் சோப்பைப் போட்டார்கள், சோப்பு மட்டும்தான். அதில் தண்ணீர் ஊற்றச் சார் சொல்லவில்லை. இன்னொரு வாளியில் அடுப்பிலிருந்து வெந்நீர் வந்தது.

சாத்தையா கைவிட்டுப் பார்த்தார். "எனக்குப் பொறுக்குது." ஒண்டிவீரன் கைவிட்டு, கண்ணை மூடி வெகுநேரம் யோசித்து, "எனக்கும் பொறுக்குது" என்றார். மாயழகு கைவிட்டார். "ஐயோ, ஜில்லுன்னு இருக்கு!"

மறுபடி சுட வைத்தார்கள். மறுபடியும் மூத்தவர், இரண்டாமவர், இளையவர். மறுபடியும் ஜில்.

"மொதல்ல நான் பாத்துடட்டுமாண்ணே?"

"மூத்தவங்க இருக்கறப்ப நீ எப்படிடா கை வைப்ப?" என்று அதட்டினார் ஒண்டிவீரன்.

கடைசியில் மூவரும் ஒரே நேரத்தில் ஆறு கைகளையும் வாளிக்குள் விட்டார்கள். சூடு சரியாக இருந்தது. தண்ணீர்தான் பாதிக்கு மேல் வெளியே போய்விட்டது. இருந்ததைக் கொண்டு நுரை போட்டார்கள்.

அதற்குள் வெயில் நகர்ந்து வாசல் பக்கம் போயிருந்தது. கல் முன்னே, கார் பின்னே என்று இவர்களும் போனார்கள். வாசலில் ஒரு பேரிக்காய் மரம்.

"மேலேருந்து கீழே கழுவணும்" என்றார் சாத்தையா, மரத்தை அண்ணாந்து பார்த்து.

ஒண்டிவீரன் நுரை அலசத் தண்ணீர் நிரப்பிய வாளியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏறினார். கிளையில் உட்கார்ந்து நிமிர்வதற்குள் வெயில் தெருவுக்குப் போய்விட்டது. கீழே இருந்த இருவரும் காரைத் தெருவுக்கு நகர்த்திவிட்டார்கள். ஒண்டிவீரனிடம் சொல்ல மறந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை பால்பாண்டி பட்டு வேட்டி, பட்டுச் சட்டையோடு வாசலுக்கு வந்தான். "அண்ணே, மணி பத்தரை ஆச்சு..."

ஒண்டிவீரன் வாளியைக் கவிழ்த்தார்.

மாப்பிள்ளை மேலிருந்து கீழே சுத்தமாக நனைந்தான். நழுவிச் சேற்றிலும் ஒரு காலை விட்டான்.

"சகலை! காரு எங்க?" என்று கத்தினார் ஒண்டிவீரன்.

"காரை விடுங்கண்ணே, நான் இங்க நனைஞ்சு நிக்கறேன்!" என்றான் பால்பாண்டி.

சாத்தையா ஓடி வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஈரத்தோட கார்ல ஏறாதப்பா. சீட்டு கெட்டுடும். அந்தக் காலோடயும் ஏறாத. நீ வெயில்ல நின்னு காய். ஈரம் போறவரைக்கும் வெயிலை விட்டு நகராத. நாங்க காரைத் துடைச்சிட்டு வந்துடறோம்."

"சரிங்கண்ணே" என்றான் பால்பாண்டி. பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பிள்ளை.

தெருவில் மிச்ச வேலை நடந்தது. வழியில் இருந்த குழாயில் தண்ணீர் பிடித்து நுரையை அலசினார்கள். காய்ந்த துணிக்குத்தான் கஷ்டமாகிவிட்டது. பனிக்காலத்தில் எந்தக் கொடியில் எந்தத் துணி காய்ந்திருக்கிறது? தேடித் தேடிப் பார்த்ததில் கிடைத்த காய்ந்த துணி மூன்று பேருடைய புது வேட்டி சட்டைதான். கல்யாணத்துக்காக இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தவை.

"மாமனார் வேட்டியைப் பத்தி ஒண்ணும் சொல்லல. காரைப் பத்தித்தான் சொன்னார்" என்றார் மாயழகு.

அது நியாயமாகப் பட்டது. நனைந்துபோன பழைய துணியைக் கழற்றிவிட்டு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு மூவரும் துடைத்தார்கள். வெயில் நகர்ந்துகொண்டே போனது. கல்லும் காரும் அதன் பின்னாலேயே போயின. அந்தத் தெரு இறங்கி முடியும் இடத்தில்தான் கல்யாண மண்டபம் இருந்தது. கடைசிச் சொட்டைத் துடைத்துவிட்டு மாயழகு நிமிர்ந்தபோது எதிரே வாழைமரம் கட்டிய வாசலும், அதற்கு நடுவே தவசியும் தெரிந்தார்கள்.

மணி பதினொன்றே முக்கால்.

தவசி காரைப் பார்த்தார். அதில் தன் முகம் தெரிந்தது, மீசை உட்பட. ஜெபமணி சார் காரைச் சுற்றி வந்து, "ஒரு கீறல் இல்லையே! சொன்னது சொன்னபடியே செஞ்சிருக்காங்க" என்றார்.

தவசி மூவரின் தோளிலும் தட்டினார். "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான்யா நீங்க ஒரு வேலையை ஒழுங்கா முடிச்சிருக்கீங்க. என்ன, மூணு பேரும் கம்பளியோட வந்திருக்கீங்க? சரி, போகட்டும். மாப்பிள்ளையை இறங்கச் சொல்லுங்க."

சாத்தையா ஒண்டிவீரனைப் பார்த்தார். ஒண்டிவீரன் மாயழகைப் பார்த்தார். மாயழகுக்குப் பார்க்க இளையவர் யாரும் இல்லாததால் மாமனாரைப் பார்த்தார்.

"காயப் போட்டிருக்கோம் மாமா" என்றார்.

"என்னது?"

"மாப்பிள்ளையை வெயில்ல காயப் போட்டிருக்கோம். ஈரத்தோட விடக் கூடாதுல்ல?"

உள்ளே ஐயர், "மாப்பிள்ளையை அழைச்சுண்டு வாங்கோ! நேரமாறது!" என்று குரல் கொடுத்தார். பெண்ணின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். தவசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மூவரையும் எந்தப் பக்கத்திலிருந்து அடிப்பது என்று பார்த்தார்.

அப்போது யாரோ, "அதோ! அதோ!" என்றார்கள்.

தெருவின் மேட்டில் பால்பாண்டி தெரிந்தான். மரங்களுக்கு இடையில் விழுந்த இன்னொரு துண்டு வெயில் நகர நகர, அவனும் அதை விட்டு ஓர் அடி பிசகாமல் வந்துகொண்டிருந்தான். இரண்டு கைகளாலும் ஒரு பெரிய கல்லைச் சுமந்திருந்தான். நாலு அடி நடப்பான். குனிந்து கல்லைத் தன் காலுக்கு முன்னால் வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று காய்வான். மறுபடி கல்லைத் தூக்கிக்கொள்வான்.

அந்த வெயில் மண்டபத்துப் படியைத் தொட்டபோது அவனும் தொட்டான். வேட்டி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. முகூர்த்தம் முடிய இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

"எதுக்கு மாப்பிள்ளை கல்லு?" என்று கேட்டார் தவசி, மெல்லிய குரலில்.

"இது சரிவான ஊராச்சே மாமா" என்றான் பால்பாண்டி.

சகலைகள் மூவரும் ஒருவரை ஒருவர் பெருமையோடு பார்த்துக்கொண்டார்கள். தவசி சமையல்காரரைக் கூப்பிட்டார்.

"மருமகனுங்களுக்கு நாலு இலை போட்டுடுப்பா" என்றார். "வெயில் படற இடமாப் பாத்துப் போடு. இல்லேன்னா சோத்தோட இலையைத் தூக்கிட்டுத் தெருவுல அலைவானுங்க. அப்புறம்... நாலு கல்லும் வச்சிடு."