கம்ப்யூட்டருக்குப் பெயர் சூட்டிய வைபவம்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: வேலப்பன், அவர் தம்பி சிங்காரம், இருவருக்கும் அக்கா குஞ்சம்மாள், வேலப்பனின் மகள் மீனலோசனி. ஆக நால்வர். கம்ப்யூட்டரும் நான்கு. பிரிண்டர் ஒன்று. அறிவு எவ்வளவு இருந்தது என்று நான் எண்ணவில்லை. எண்ணும் அளவுக்கு இல்லை.

மீனலோசனிக்கு மதியம் இரண்டு மணிக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட் மாடிக் கம்ப்யூட்டரில் இருந்தது, பிரிண்டர் கூடத்தில். அங்கிருந்து இங்கே அனுப்பக் கூடத்துக் கம்ப்யூட்டரின் எண் வேண்டும். கரண்ட் போய் வந்தால் எண் மாறிவிடும். அன்றும் மாறியிருந்தது.

இன்டர்நெட் போட்டுத் தந்த ரவூப்பிடம் வேலப்பன் போனில் கேட்டார்.

"எண்ணு எதுக்கு சார்? ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வைங்க. ஒண்ணோட பேரு மத்ததுக்கும் தெரியணும். அப்புறம் பேரைச் சொன்னாலே போதும்."

எப்படி என்று அவர் சொல்வதற்குள் வேலப்பன் போனை வைத்துவிட்டார். பெயர் வைக்கத் தெரியாத குடும்பமா அது?

"அத்தைதான் வைக்கணும்," என்று குஞ்சம்மாள் சர்க்கரைத் தண்ணீர் கலந்தார்.

"கூடத்துல இருக்கிறது கரகரன்னு இழுக்குது. அப்படியே நம்ம தாத்தா. மாணிக்கவேலுன்னே வச்சிடலாம்க்கா," என்றார் சிங்காரம்.

காற்றாடி ஓட்டைதான் காது என்று முடிவாயிற்று. மூன்று முறை ஓதினார்கள். சமையலறை, முன்னறைக் கம்ப்யூட்டர்களுக்கும் இப்படியே பெயர் வைத்து, மற்றதுக்கும் தெரிய வேண்டுமே என்று ஒன்றின் பெயரை மற்றதன் காதிலும் ஓதினார்கள். மாணிக்கவேலுவின் சிடி போடும் தட்டு வெளியே வந்தது.

"வாயைத் திறக்குது அண்ணே!"

"ஐயோ அத்தை, ஊத்தாதீங்க!"

"பேரு வச்சா வாய் இனிக்கணும்டி. நீயும் இப்படித்தான் கத்தினே."

குழந்தைக்குப் புகட்டும் பாலாடையால் குஞ்சம்மாள் ஊற்றினார். கூடம், சமையலறை, முன்னறை. மூன்றும் அடங்கின.

"குடிச்சிட்டுத் தூங்குது பாரு, தங்கம்!"

மீனலோசனி மாடிக்கு ஓடி, ஹால் டிக்கெட்டைப் பென்டிரைவில் எடுத்து, அறையைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள். பென்டிரைவைப் பிரிண்டரிலேயே சொருகினாள். தாள் பாதி வெளியே வந்தது.

"அக்கா, நாக்கை நீட்டுது! இதுக்குப் பசிக்குது!" என்றார் சிங்காரம்.

பாலாடையில் ஒரு வாய் மிச்சமிருந்தது. இப்போது இல்லை.

கிழித்தெடுத்த பாதித் தாளில் அவள் படமும் பெயரும் இருந்தன. தேர்வு எண் கீழ்ப்பாதியில்.

"எண்ணு எதுக்கும்மா? அதான் பேரு இருக்கே," என்றார் வேலப்பன்.

மீனலோசனி பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். பெயர் வைத்த முகூர்த்தம், பிள்ளை சுறுசுறுப்பாகிவிட்டாள் என்று மூவரும் பூரித்தார்கள்.

மாலையில் வீட்டில் ஓடும் கம்ப்யூட்டர், மாடியில் பெயரில்லாததையும் சேர்த்து, ஒன்று.