பெருக்கல் குறி போட்ட அட்டை

"நான் ஏன்னு கேக்கலயே, ஆசானே! எதுன்னுதான் கேட்டேன்."

தவசிக்கனி அண்ணாச்சி படியேறி வந்ததும் வராததுமா இப்படித்தான் ஆரம்பிச்சாரு.

அவரு நில சர்வேயர். ஐம்பத்துநாலு வயசு. ஆசானேன்னு அவரு கூப்பிட்டது நிலோஃபரை. அவளுக்கு இருபத்தேழு. பாளையங்கோட்டையில ஒரு கண்ணாடிக் கடையில கண்ணுக்குப் பவர் பாக்குத பொண்ணு.

சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கடை மாடியில நாங்க நாலு பேரு அவளைச் சுத்தி உக்காந்து கதை விளையாட்டு ஆடுவோம். அவ கேம் மாஸ்டர். உலகத்தை அவ சொல்லுவா. அதுக்குள்ள ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கிட்டு என்ன செய்யுதோம்னு நாங்க சொல்லுவோம். நடக்குமா நடக்காதான்னு இருபது முகம் உள்ள பகடை முடிவு பண்ணும். கேட்டா சிரிப்பீங்க. வந்து ஒரு தடவை உக்காந்து பாருங்க, அப்புறம் சிரிங்க.

அண்ணாச்சிக்கும் தனியா ஒரு மேசை உண்டு. ஞாயித்துக்கிழமை, அவரு வீட்டுல, வேற நாலு பேரோட. இவகிட்ட கத்துக்கிட்டுப் போயி அங்க நடத்துதாரு.

"என்ன ஆச்சு அண்ணாச்சி? உக்காந்து சொல்லுங்க"ன்னா நிலோஃபர்.

"ஒரு பாழடைஞ்ச ஊரு. நடுவுல கிணறு. உள்ளேருந்து ஒரு குரல் கூப்பிடுது. அவ்வளவுதான் சொன்னேன். என் மேசையில ஆடுத ஜெபசெல்வி அட்டையைத் தொட்டுட்டா."

அந்த அட்டையைப் பத்திச் சொல்லணும். கையகலம் இருக்கும். மேல பெருக்கல் குறி போட்டிருக்கும். எக்ஸ் அட்டைன்னு பேரு. மேசைக்கு நடுவுல கிடக்கும். கதையில ஏதாவது ஒண்ணு ஒருத்தருக்குத் தாங்கலேன்னா வாயைத் திறக்க வேண்டாம், அதைத் தொட்டாப் போதும். அந்தக் காட்சியை அங்கேயே விட்டுரணும். காரணம் கேக்கக் கூடாது.

அண்ணாச்சி பையிலேருந்து நோட்டை உருவினாரு. இந்த விளையாட்டுல புழங்குத வார்த்தை நானூத்திப் பன்னிரண்டுக்கு அர்த்தம் எழுதி வச்சிருக்காரு மனுஷன். கேம் மாஸ்டரே நடிக்குத ஆளுக்கு என்.பி.சி., ஒரே நாள்ல முடியுத கதைக்கு ஒன் ஷாட், மொத்தக் கூட்டமும் செத்து விழுந்தா டி.பி.கே. எல்லாத்துக்கும் சிவப்பு மையில அடிக்கோடு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாரு.

"இந்தா பாருங்க. 'எக்ஸ் அட்டை: தொட்டவரிடம் ஏன் என்று கேட்கலாகாது.' நானே எழுதினது. நான் ஏன்னு கேட்டேனா? கிணத்தை எடுக்கணுமா, குரலை எடுக்கணுமான்னு கேட்டேன். எல்லைக்கல்லு எங்க இருக்குன்னு தெரியாம எப்படி அளக்குதது?"

"அவங்க என்ன சொன்னாங்க?"

"எழுந்து போயிட்டா. மத்த மூணு பேரும் பின்னாலயே போயிட்டாங்க. அவ வந்தாத்தான் வருவோம்ங்காங்க."

என் வாய் சும்மா இருக்குமா? "ரூல்ஸ் லாயர்"னு முணுமுணுத்தேன். புத்தகத்து விதியைப் பிடிச்சுக்கிட்டு வக்கீல் மாதிரி வாதாடுத ஆளை நாங்க அப்படித்தான் சொல்லுவோம்.

"அதுவும் இருக்கு. இருநூத்தி எழுபதாவது வார்த்தை"ன்னாரு அண்ணாச்சி.

எனக்குச் சிரிக்குததா அழுவுததான்னு தெரியல.

அப்புறம் அவரு குரல் இறங்கிப் போச்சு.

"ஆசானே, எம் பொண்டாட்டி போயி ஆறு வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல அளவு பேசுவேன். வீட்டுல செவுருகிட்ட பேசுவேன். மனுஷங்ககிட்ட பேசுததுன்னா அந்த நாலு பேருகிட்டதான். அவங்களும் வராட்டி எனக்கு யாரு இருக்கா? நான் எந்த வார்த்தையைத் தப்பாப் படிச்சேன்? அதை மட்டும் சொல்லிருங்க."

நிலோஃபர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டா.

"இன்னைக்கு எங்காளு ஒருத்தரு வரல. படகோட்டி வேஷம் காலியா இருக்கு. நீங்க ஆடுங்க."

"நான் கேட்டதுக்கு..."

"உக்காருங்க அண்ணாச்சி."

நோட்டை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தாரு.

எங்களுக்கு அன்னைக்குச் சாதாரண நாள் இல்ல. மூணு வருஷமா ஒரே கதை. கடலுக்கு நடுவுல ஒரு தீவைத் தேடிப் போயிக்கிட்டே இருந்தோம். அதுக்குள்ள என்ன இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரியப் போகுது. அட்டையை வெட்டி வெட்டி ஒட்டி அந்தத் தீவு அரண்மனையை நிலோஃபர் மேசை மேல நிறுத்தியிருந்தா. எட்டு மாச வேலை. ஜன்னலுக்குக்கூட கம்பி வச்சிருந்தா, பாவி.

ஆட்டம் ஆரம்பிச்சுது. படகு கரையைத் தொட்டுச்சு. அரண்மனைக் கதவு திறந்துச்சு. உள்ள என்ன இருக்குன்னு நிலோஃபர் மெதுவாச் சொல்லிக்கிட்டே வந்தா. நாங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டோம்.

ஒரு இடத்துல பாத்தா, அண்ணாச்சியோட விரல் எக்ஸ் அட்டை மேல இருக்கு.

எந்த இடம்னு சொல்ல மாட்டேன். நீங்களும் கேக்காதீங்க.

அவருக்கே தெரியாமத்தான் கை போயிருக்கணும். முகம் வெளிறிப் போச்சு.

நிலோஃபர் சொல்லிக்கிட்டிருந்த வாக்கியத்தைக்கூட முடிக்கல.

"கடல் அமைதியா இருக்கு. தீவு ரொம்பப் பின்னால போயிருச்சு. முன்னால ஒரு துறைமுகம். சந்தைச் சத்தம் கேக்குது. இறங்குதீங்களா?"

அவ்வளவுதான். சொல்லிக்கிட்டே இடது கையால அந்த அரண்மனையை வழிச்சுக் கீழ கிடந்த கூடையில போட்டா. திரும்பிக்கூடப் பாக்கல.

ஐயோன்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. மூணு வருஷம் தேடின தீவுல்லா! ஆனா என் வாய் என்ன சொல்லுச்சு தெரியுமா?

"நான் முதல்ல இறங்குதேன். பசிக்குது."

பக்கத்துல இருந்தவன், "எனக்குப் புதுச் செருப்பு வாங்கணும்"னான். மூணாவது ஆளு அதுக்குள்ள பகடையை உருட்டியாச்சு.

ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கல. அண்ணாச்சியை யாருமே பாக்கல. ஒரு உலகம் போயி இன்னொரு உலகம் வந்து நின்னுச்சு. மேசையில இருந்த தண்ணி டம்ளர்கூட அசையல. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. சாமி சத்தியமாச் சொல்லுதேன், அப்படி ஒண்ணை நான் கோயில்லகூடப் பாத்ததில்ல.

அண்ணாச்சி காத்துக்கிட்டு இருந்தாரு, யாராவது கேப்பாங்கன்னு.

யாரும் கேக்கல.

அப்புறம் அவரே, "ஆசானே, நான் அதை ஏன் தொட்டேன்னா..."

"படகை யாரு கட்டுதது? கயிறு உங்க கையிலதான் இருக்கு அண்ணாச்சி."

அவரு கண்ணு நிறைஞ்சு போச்சு. பகடையை எடுத்து உருட்டினாரு. பதினொண்ணு விழுந்துச்சு.

"கட்டிட்டேன்"னாரு.

ஆட்டம் முடிஞ்சு கீழ இறங்கினதும், "வண்டி வச்சிருக்கியாடே?"ன்னு என்கிட்ட கேட்டாரு. கோர்ட்டுக்கு எதுத்தாப்புல ஜெபசெல்வியோட ஜெராக்ஸ் கடை. நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன்.

அவரைப் பாத்ததும் அவ மெஷினை நிறுத்தினா.

"வருவீங்கன்னு தெரியும் சார். என்னாலதான் எல்லாருக்கும் ஆட்டம் நின்னு போச்சு. காரணம் சொன்னாத்தான் சேத்துக்குவீங்கன்னா சொல்லிருதேன்."

சொல்லிட்டுத் தரையைப் பாத்தா. கையில இருந்த பேப்பரைச் சுருட்டிச் சுருட்டிக் கசக்கினா. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

"அந்தக் கிணறு இருக்குல்லா, சார்..."

"எந்தக் கிணறு?"

அவ நிமிர்ந்து பாத்தா.

"நம்ம கதையில கிணறே இல்லையேம்மா. மலைப்பாதையில நீ முன்னால போயிக்கிட்டு இருக்க. நாங்க எல்லாரும் உம் பின்னால வாரோம்."

கசக்கின பேப்பரைக் கீழ போட்டா. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

"ஒத்தையடிப் பாதையா சார்?"