எறும்பு ஏன் எதிரில் வருபவரைத் தொடுகிறது

எறும்புக்கும் வாய்ப்பேச்சு இருந்த காலம் அது. ஆனால் அந்தக் குரல் ஒரு சாண் தூரம்கூடக் கேட்காது. அதுதான் பிரச்சினை.

வாய்க்கால் கரையில், வேப்பமரத்தடியில் ஒரு புற்று. யாருக்கும் சொந்தமில்லாத புற்று. எந்த எறும்பும் வரலாம், மண் சுமக்கலாம், பிடிக்காவிட்டால் போகலாம். முதலாளி கிடையாது. அதனால் வேலையும் குழம்பியது. ஒரே வழியை மூன்று பேர் தோண்டுவார்கள். நாலாவது ஆள் வந்து மூடிவைப்பான்.

சேதி சொல்ல ஒரு ஏற்பாடு வேண்டும் என்று கூடினார்கள். மரத்துச் சில்வண்டு, தானே கத்திச் சொல்வதாக வந்தது. பதிலுக்கு எதுவும் வேண்டாம் என்றது. ஒரு தடவை கத்தினால் புற்று முழுக்கக் கேட்கும். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. சிற்றெறும்பு பொடிச்சிக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் தொட்டே சொல்லிக்கொள்வோம் என்றாள்.

"தொட்டுத் தொட்டுச் சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குக் கிழடு தட்டிரும்," என்றான் கட்டெறும்பு கருக்கன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அது சில்வண்டோட தொண்டை, அண்ணே. அது வாயை மூடிக்கிட்டா நாம என்ன பண்ணுவோம்?" என்றாள் பொடிச்சி.

சில்வண்டே முடிவானது. அது நீட்டிக் கத்தினால் வெள்ளம், முட்டைகளை மேலே தூக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். கோடை முழுக்க நன்றாகத்தான் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

பிறகு ஒரு மதியம் வானம் கறுத்தது. கரையில் காவல் நின்ற பொடிச்சி, வாய்க்காலில் செந்தண்ணீர் புரண்டு வருவதைப் பார்த்தாள். புற்றின் அடி அறையில் அத்தனை பேருடைய முட்டைகளும் இருந்தன. விழுந்தடித்து மரத்தில் ஏறினாள். சில்வண்டு பட்டையோடு ஒட்டிக் கிடந்தது.

"கத்து. தண்ணி வருது."

"வெயில் இல்லாம எனக்குக் குரல் வராது. நீங்க யாரும் கேக்கவே இல்லையே."

அவள் இறங்குவதற்குள் தண்ணீர் கரை வழிந்து, கீழே வந்தவளை ஒரு தடவை புரட்டிப் போட்டது. எழுந்து ஓடினாள். புற்று வாசலில் கருக்கன் நின்றான். பின்னால் வரிசையாக எல்லோரும், காதைத் தீட்டிக்கொண்டு. வெள்ளம் என்றாள். சில்வண்டு சொல்லட்டும், பார்க்கலாம் என்றான். மறுபடி சொன்னாள். அவன் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொடிச்சி பேச்சை விட்டாள். நனைந்த தலையைக் கொண்டுபோய் அவன் முகத்தில் முட்டினாள். ஈரம். சேற்று வாடை. கருக்கனுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி, பின்னால் நின்றவள் முகத்தில் முட்டினான். அவள் அடுத்தவன் முகத்தில். அந்த ஈரம் முகம் முகமாக அடி அறை வரைக்கும் இறங்கியது. முட்டைகள் மேலே வரத் தொடங்கின.

பாதிதான் வந்தன. மீதியைத் தண்ணீர் கொண்டுபோனது. கருக்கனுடையவை அந்த மீதியில் இருந்தன.

அவன் அதன் பிறகு வாய் திறக்கவில்லை. மற்றவர்களும் திறக்கவில்லை.

வானம் மூடினால் சில்வண்டு இன்றைக்கும் கப்சிப். எறும்போ எவ்வளவு அவசரமாக ஓடினாலும், எதிரில் வருபவரின் முகத்தைத் தொடாமல் தாண்டாது. அந்த மதியத்திலிருந்து அப்படித்தான்.