விந்தி நடந்த காடு

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில், ஓடு வேய்ந்த சின்ன ஆலயம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்ததும் பக்கத்து ஊர் ஜனங்கள் வந்து உள்ளே உட்காருவார்கள். காட்டு விலங்குகள் வெளியே சன்னலடியில் வந்து உட்காரும். யாரும் அவற்றை விரட்டுவதில்லை. அவையும் சத்தம் போடுவதில்லை, பாட்டு வரும்போது தவிர.

அந்த விலங்குகளில் துள்ளன் என்று ஒரு குரங்கு. எதைப் பார்த்தாலும் அப்படியே செய்து காட்டிவிடும். கொக்கு ஒற்றைக்காலில் நின்று தூங்குவதைச் செய்து காட்டும். தேனீயிடம் கொட்டு வாங்கிய கரடி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைச் செய்து காட்டும். அதைப் பார்த்துக் கரடியே வயிறு வலிக்கச் சிரிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணி உபதேசியார் பிரசங்கம் செய்தார்.

"ஆண்டவர் இயேசுவைப் புகழ்ந்து பாட நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். அவர் பின்னால் நடக்கத்தான் ஆள் போதவில்லை. பின்னால் நடக்கிறவர்தான் சீடர்" என்றார்.

சன்னலடியில் இருந்த விலங்குகளுக்கு இது நெஞ்சில் தைத்தது. ஆராதனை முடிந்ததும் எல்லாம் மருத மரத்தடியில் கூடின.

"நாமும் சீடராகிவிட வேண்டும்" என்றது மயில். "ஆனால் எப்படிப் பின்னால் நடப்பது? ஆண்டவரை நாம் கண்ணால் பார்த்ததில்லையே!"

"இது ஒரு பெரிய விஷயமா?" என்றது நரி. "உபதேசியார் ஆண்டவர் பின்னால் நடக்கிறார். நாம் உபதேசியார் மாதிரி நடந்துவிட்டால் தீர்ந்தது."

எல்லா விலங்குகளும் துள்ளனைத் திரும்பிப் பார்த்தன. பார்த்ததைச் செய்ய அதைவிட்டால் வேறு யார்? துள்ளனுக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

"நான் பார்த்து வந்து சொல்லித் தருகிறேன்!" என்று கிளைக்குக் கிளை தாவிப் போனது.

அப்போதுதான் உபதேசியார் ஆலயத்தைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். துள்ளன் கண் கொட்டாமல் பார்த்தது. அவர் இடது காலை லேசாக இழுத்து, விந்தி விந்தி நடந்தார். நாலு எட்டுக்கு ஒருமுறை "உக்கும்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

துள்ளன் பறந்தடித்துத் திரும்பி வந்து ஒரு பாறைமேல் ஏறி நின்றது.

"நன்றாகப் பாருங்கள்! இப்படி விந்த வேண்டும். பிறகு, உக்கும்!"

அன்று சாயங்காலம் காட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டுமே, குழந்தைகளே! மான் விந்தியது. முயல் விந்தியது. மயில் தோகையை விரித்துக்கொண்டு மற்ற எல்லோரையும்விட அழகாக விந்தியது. எங்கே திரும்பினாலும் "உக்கும், உக்கும்" என்று ஒரே செருமல்.

நரி தண்ணீர்த்துறைக்குப் போகிற வழியில் உட்கார்ந்துகொண்டது.

"விந்துகிறவர்கள் முன்னால் வாருங்கள். விந்தாதவர்கள் கடைசியில் நில்லுங்கள்."

"எனக்குக் காலே இல்லையே, நரியண்ணா?" என்று கேட்டது சாரைப்பாம்பு.

நரி கொஞ்சம் யோசித்தது. "சரி, நீ உக்கும் மட்டும் சொல்லிவிட்டுப் போ."

பாவம், ஆமைதான் மிகவும் சிரமப்பட்டது. அதன் குட்டைக் கால்களுக்கு விந்துவது வரவே இல்லை. ஒவ்வொரு நாளும் அது வரிசையின் கடைசியில் நின்றது.

இரண்டு நாளில் இன்னொரு தொல்லை முளைத்தது. துள்ளன் பாறைமேல் செய்து காட்டியபோது பின்னால் நின்றவர்கள் இடது காலை விந்தக் கற்றுக்கொண்டார்கள். எதிரே நின்றவர்களோ கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்து, வலது காலை விந்திக்கொண்டிருந்தார்கள்.

"இடது கால்தான் சரி!" என்றது மயில்.

"வலது கால்தான் சரி! எங்கள் கண்முன்னால்தானே காட்டினான்!" என்றது நரி.

இடக்கால் கூட்டம் ஆற்றின் இந்தக் கரையில் தண்ணீர் குடித்தது. வலக்கால் கூட்டம் அந்தக் கரைக்குப் போய்விட்டது. மானும் முயலும் சேர்ந்து விளையாடுவதை நிறுத்திவிட்டன. முள்ளம்பன்றி மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. சேர்த்துக்கொள்ள யாரும் கூப்பிடவும் இல்லை. அதற்கு மூக்கின்மேல் கோபம், போதாததற்கு முதுகெல்லாம் முள். யார் அதன் பக்கத்தில் நிற்பார்கள்?

கடைசியில் மயில் துள்ளனிடம் வந்தது. "தம்பி, உன்னால்தான் இந்த வம்பு. போய் எந்தக் கால் என்று இன்னொரு முறை பார்த்து வந்து எல்லோருக்கும் சொல்."

புதன்கிழமை பொழுது விடிந்ததும் துள்ளன் உபதேசியார் வீட்டுக் கூரைமேல் போய் உட்கார்ந்தது. கதவு திறந்தது. உபதேசியார் வெளியே வந்தார். தோளில் ஒரு தண்ணீர்க் குடம், கையில் ஒரு தூக்குவாளி. மலைச்சரிவை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

துள்ளன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தது. இடது காலும் விந்தவில்லை, வலது காலும் விந்தவில்லை!

"ஐயையோ, இவர் சீடராக இருப்பதை விட்டுவிட்டாரா?" துள்ளனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரத்துக்கு மரம் தாவி அவர் பின்னாலேயே போனது.

சரிவின் உச்சியில் ஒரு குடிசை. உள்ளே கொம்பையா என்பவர் பாயில் கிடந்தார். பனையிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவர். அவருக்குச் சொந்தமென்று யாரும் கிடையாது. உபதேசியார் குடத்தை இறக்கினார், அவர் முகத்தைத் துடைத்துவிட்டார், தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை ஊட்டினார். துள்ளன் கூரை ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது.

"போன வாரம் விந்தி விந்தி வந்தீர்களே, கால் இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் கொம்பையா.

"முள்ளை எடுத்துவிட்டேன், அண்ணாச்சி. குடத்தைத் தோளில் வைத்தால் காலடியில் கிடக்கிறது கண்ணுக்குத் தெரிவதில்லை. இருமலும் விட்டுவிட்டது."

கஞ்சி ஊட்டிய கையைக் கொம்பையா விலக்கினார். பிறகு சொன்னார்: "சந்தையில் நாலு பேர் முன்னால் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உங்கள் கத்தரித் தோட்டத்தில் வேண்டுமென்றே காளையை அவிழ்த்துவிட்டேன். எனக்கு ஏன் தண்ணீர் சுமக்கிறீர்கள்?"

உபதேசியார் சிரித்துவிட்டார். "காளை கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தது. அந்தக் கத்தரிக்காயில்தான் இன்றைக்குக் கூட்டு. வாயைத் திறங்கள்."

"கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், ஐயா."

"என் ஆண்டவர் இந்த மாதிரி வீட்டுக்குத்தான் போவார், அண்ணாச்சி. நான் அவர் பின்னால் வருகிறேன். அவ்வளவுதான்."

கூரைமேல் துள்ளன் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தது. ஒரு முள்! ஒரு முள்ளையும் ஒரு இருமலையும் பிடித்துக்கொண்டு காடு முழுவதும் மூன்று நாளாக விந்தி, சண்டையும் போட்டிருக்கிறது! முதலில் அதற்கு வெட்கம் வந்தது. பிறகு, நரி "உக்கும் மட்டும் சொல்லிவிட்டுப் போ" என்றது ஞாபகம் வந்ததும் சிரிப்பு வந்தது. சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்து விழப் பார்த்தது. எழுந்து காட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தது.

ஆற்றங்கரைக்கு வந்தபோது உச்சி வெயில். ஆற்றின் நடுவே வற்றிக் கிடந்த பாறைப் பரப்பைச் சுற்றி இரண்டு கூட்டமும் நின்றுகொண்டிருந்தன. நடுவில் ஆமை மல்லாந்து கிடந்தது! அன்றைக்காவது எப்படியும் விந்திக் காட்டிவிட வேண்டும் என்று முயன்று, சறுக்கிப் புரண்டுவிட்டது. அதன் கால்கள் ஆகாயத்தில் துழாவிக்கொண்டிருந்தன. கீழே பாறை அடுப்புக்கல் மாதிரி காய்ந்தது.

"எந்தக் காலை விந்தும்போது விழுந்தாய்?" என்று நரி கேட்டது. "இடது கால் என்றால் அவர்கள்தான் வந்து தூக்க வேண்டும்."

"வலது கால்தான்! நான் பார்த்தேன்!" என்றது மயில். "நீங்கள்தான் தூக்க வேண்டும்."

"மறந்துபோய்விட்டது" என்றது ஆமை. அதன் குரல் உள்ளே போய்விட்டிருந்தது. "தண்ணீர்..."

துள்ளன் ஒரே தாவலில் பாறையில் குதித்தது. உள்ளங்கை பொசுங்கியது. அதைப் பார்க்காமல் ஓட்டின் விளிம்பைப் பிடித்துத் தூக்கியது. ஆமை அசையவில்லை.

"எந்தக் கால், துள்ளா? அதைச் சொல்லிவிட்டுத் தூக்கு!" என்று இரண்டு கூட்டத்திலிருந்தும் சத்தம்.

"எந்தக் காலும் இல்லை!" என்று கத்தியது துள்ளன். "அவர் காலில் முள் குத்தியிருந்தது, அதுதான் விந்தினார்! நான் சொல்லிக் கொடுத்தது தப்பு, முழுத் தப்பு! தன்னைத் திட்டினவருக்குத் தண்ணீர் சுமக்கப் போன வழியில் குத்திய முள் அது! முள்ளம்பன்றியண்ணே, இங்கே வா! எனக்குப் பக்கத்தில் வந்து பிடி!"

முள்ளம்பன்றி திகைத்துப்போனது. பக்கத்தில் வா என்று அதை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

"என் முள் உன்னைக் குத்துமே?"

"குத்தட்டும், சீக்கிரம் வா!"

முள்ளம்பன்றி ஓடி வந்து மூக்கை ஓட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பியது. துள்ளனுடைய தோளில் நாலைந்து முள் ஏறியது. "ஆ, ஊ" என்று கத்திக்கொண்டே அது தள்ளியது. ஆமை லேசாகச் சாய்ந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் வரவில்லை. முயல் தாவி வந்தது, மான் வந்தது. மயில் தோகையை மடக்கி வைத்துவிட்டு வந்தது. நரி மட்டும் ஒரு காலைத் தூக்கியபடியே தள்ளப் பார்த்து வழுக்கிக்கொண்டிருந்தது.

"நரியண்ணா, எல்லாக் காலையும் ஊன்று!"

"ஊன்றினால் நான் சீடனா, இல்லையா?"

"முதலில் தள்ளு. பிறகு யோசிக்கலாம்!"

நரி நாலு காலையும் ஊன்றித் தள்ளியது. தொப்பென்று ஆமை நேராக விழுந்தது. எல்லோரும் சேர்ந்து அதை இழுத்தும் உருட்டியும் மடுவுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டார்கள். ஆமை முங்கியது. வெகு நேரம் மேலே வரவே இல்லை. முயலுக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் நடு மடுவில் ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

"பசிக்கிறது" என்றது ஆமை.

கரை இரண்டும் அதிர்ந்து போகிற மாதிரி ஒரு ஆரவாரம்! மான் முதலில் தண்ணீரில் குதித்தது. பின்னால் முயல், அதன் பின்னால் எல்லோரும். யார் எந்தக் கரைக்காரர் என்று யாருக்கும் தெரியவில்லை. முள்ளம்பன்றி நடுவில் நீந்தியது, யாரும் விலகிப் போகவில்லை. மயில் துள்ளனுடைய தோளிலிருந்து ஒவ்வொரு முள்ளாக அலகால் பிடுங்கிப் போட்டது.

வெயில் தாழ்ந்ததும் நரி பவ்வியமாகத் துள்ளனிடம் வந்தது.

"தம்பி, அடுத்து நாங்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?"

"எனக்கே தெரியாது, அண்ணா" என்றது துள்ளன். ஒரு சுரைக்குடுக்கையில் தண்ணீரை மொண்டுகொண்டிருந்தது அது. "மேட்டுப் புதரில் காட்டெருமை காய்ச்சலில் படுத்திருக்கிறது. தண்ணீர்த்துறைக்கு வந்து இரண்டு நாளாயிற்று. நான் அங்கே போகிறேன்."

"அதுவா! நம்மைக் கண்டாலே முட்ட வருமே!"

"ஆமாம், அதேதான்" என்று சொல்லிவிட்டுத் துள்ளன் மேட்டில் ஏறியது.

முள்ளம்பன்றி ஒரு பேச்சும் பேசாமல் பின்னால் கிளம்பியது. மயில் ஒரு வாய் நிறையப் பழம் கவ்விக்கொண்டது. மானும் முயலும் ஓடின. நரி ஒரு நிமிஷம் தயங்கி நின்றது, பிறகு அதுவும் ஓடியது. எல்லோருக்கும் கடைசியில், அவசரமே இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டே ஆமை வந்தது.

நீதி: ஆண்டவர் செய்ததைச் செய்கிறவரே அவருடைய சீடர்.