சோலைக்காட்டு ஓட்டத்துக்குச் சாட்சி

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேனேஜரை எல்லோரும் தொரை என்றுதான் கூப்பிடுவார்கள். கொட்டுகிற ஆடி மழையில் அந்தத் தொரை காட்டுப்பாதை மாரத்தான் ஒன்று நடத்தினார். தாமும் ஓடினார். கோப்பையில் தம் பெயரை முன்கூட்டியே பொறித்தும் வைத்திருந்தார்.

ஆனால் முதலில் வந்து நின்றவள் கொழுந்து பறிக்கும் பேச்சித்தாய். பத்து நிமிஷம் கழித்து வந்த தொரைக்கு முகம் கறுத்துவிட்டது.

"நீ குறுக்கு வழியில வந்திருக்க! சோலைக்காட்டுக்குள்ள ஓடுனேன்னா, பார்த்த சாட்சியைக் கொண்டா. இல்லைன்னா கோப்பை எனக்கு."

அந்த அடைமழையில் காட்டுக்குள் காவலுக்குக்கூட ஆள் நிற்கவில்லை என்பது அவருக்கே தெரியும்.

"சாட்சிதானே தொரை? கூடவே கூட்டிட்டு வந்திருக்கேன்."

பேச்சித்தாய் காலுறையை இறக்கினாள். கால் முழுக்க ரத்தம். ஏழெட்டு அட்டைகள் குடித்துக் கொழுத்துத் தொங்கின. மழைக்காலச் சோலையில் கால் வைத்த யாரையும் அட்டை சும்மா விடாது.

"உங்க சாட்சியையும் கொஞ்சம் காட்டுங்க தொரை."

கூட்டமே குனிந்து பார்த்தது. தொரையின் கால்களில் சேறு இருந்தது. அட்டை கடித்த தடம் ஒன்றுகூட இல்லை.

"நான்... நான் அட்டை ஏறாம இருக்கப் புகையிலைத் தூள் தடவியிருந்தேன்."

"இத்தனை மழைக்கும் கரையாத புகையிலையா? எங்களுக்கும் கொஞ்சம் குடுங்க தொரை, நாளைக்குக் கொழுந்து பறிக்கப் போகணும்."

முதலில் சிரித்தவர், சோலையைச் சுற்றித் தொரையை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப் டிரைவர்தான்.